அகராதி அக்காவின் ஒரே பிழை

நிதி அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குப் பின்னால் மொழிபெயர்ப்புப் பிரிவு இருந்தது. பிரிவு என்று சொல்வது கொஞ்சம் அதிகம். மூன்று மேசை, ஒரு மின்விசிறி, சாத்தினால் மறுபடி திறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்த ஒரு ஜன்னல். ஒரு மேசையில் நான் டைப் அடித்தேன். இன்னொன்றில் பிரிவுத் தலைவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அதில் டீ கிளாஸ்கள் இருந்தன. மூன்றாவது மேசை அக்காவுடையது.

அலுவலகம் முழுக்க அவரை 'அகராதி' என்றுதான் சொல்லும். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் வேண்டுமென்றால் புத்தகத்தைப் புரட்டுவதைவிட அவரைக் கேட்பது சுலபம். எங்கள் பியூன் மட்டும், "அகராதின்னு சொல்றதோட நிறுத்திக்கணும், பின்னாடி 'பிடிச்சவங்க'ன்னு சேர்த்துடக் கூடாது" என்று கிண்டல் பண்ணுவார். அக்காவும் சிரிப்பார். உண்மையில் அந்த அகராதியும் அவருக்குக் கொஞ்சம் உண்டு. தான் எழுதியதில் யாராவது ஒரு சொல்லை மாற்றிவிட்டால், எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் மாடி ஏறிப் போய் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். பதினெட்டு வருடத்தில் அவருடைய மொழிபெயர்ப்பில் தப்பு இருக்கிறதென்று ஒரு கோப்புகூடத் திரும்பி வந்ததில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. எங்கள் எல்லாருக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்தபோது அவருக்கு இருபது வயது, தம்பிக்கு ஒன்பது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பிறகு தேர்வு எழுதி அமைச்சகத்துக்கு வந்து, தம்பியைத் தொழிற்பள்ளியில் படிக்கவைத்து, அரசாங்கப் பம்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்த்து, அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தார். தம்பிக்கு இரண்டு பெண்கள். ஒரே தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்தார்கள். தம்பி லேத் ஓட்டுபவர். பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டைக் கடைவது அவர் வேலை. அவர் கடைந்த தண்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று அக்கா சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வரும் தாள்களில் ஒதுக்கீடு, இலக்கு, திட்டம் என்ற வார்த்தைகளே திரும்பத் திரும்ப இருக்கும். தூங்கிக்கொண்டே டைப் அடிக்கலாம். பிறகு மெதுவாக வேறு வார்த்தைகள் வர ஆரம்பித்தன. மேல்மாடி அதிகாரிகளை நான்கு நான்கு பேராக வெளிநாட்டுக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே மாதிரி பழுப்பு நிறப் பை இருந்தது. பேச்சும் ஒரே மாதிரி இருந்தது. அரசாங்கம் ஏன் பம்பு செய்ய வேண்டும், ஏன் பஸ் ஓட்ட வேண்டும், விலையை ஏன் நாம் சொல்ல வேண்டும் என்று படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டார்கள். முந்தின வருடம் இதே ஆட்கள்தான் ஐந்தாண்டுத் திட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்.

அடுத்து டாக்டர் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினவர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரின் பிள்ளை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட, ஆறு வருடம் அங்கே படித்துவிட்டு அமைச்சருக்கு ஆலோசகராகத் திரும்பியிருந்தார். வயது முப்பத்து நான்கு. யாரையும் அதட்டமாட்டார். பியூனுக்குக்கூட நாற்காலி போடுவார். அவர் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து அக்கா மேசையில் வைத்து, இது எல்லா மாவட்ட அலுவலகத்துக்கும், கல்லூரிகளுக்கும், செய்தித்தாள்களுக்கும் நம் மொழியில் போக வேண்டும் என்றார். அவருடைய ஆசிரியர்கள் அங்கே நிகழ்த்திய சொற்பொழிவுகள் அவை.

அக்கா ஏழு வாரம் அதோடு மல்லாடினார். வாக்கியம் எல்லாம் சுலபம்தான், வார்த்தைதான் இடித்தது. நம் மொழியில் சந்தை என்றால் தக்காளி விற்கிற இடம். அந்தப் புத்தகத்தில் சந்தை எதையும் விற்கவில்லை. அது முடிவு செய்தது, திருத்தியது, தண்டித்தது. கடைசியில் அக்கா டாக்டரிடமே போய்க் கேட்டார். நானும் தாள்களோடு கூடப் போயிருந்தேன்.

"சந்தைன்னா யாரு சார்? ஒவ்வொரு பக்கத்திலயும் அது முடிவு பண்ணுதுன்னு இருக்கு. முடிவு பண்றதுன்னா ஒரு ஆள் வேணுமே."

"யாரும் இல்லைங்க. அதுதான் அதோட அழகே."

பிறகு அவர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா ஒரு டெலிபோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பது வருடம் காத்திருந்தாராம். டெலிபோன் வந்து சேர்ந்தது அவர் செத்துப்போன மாதம். மாட்ட வந்த ஆள் வாசலில் நின்று அப்பாவின் கையெழுத்து வேண்டுமென்று கேட்டானாம். இதைச் சொல்லும்போது டாக்டர் எங்களைப் பார்க்கவில்லை, மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பு இல்லை அது. படியிறங்கும்போது அக்கா, அவர் சொல்றதுல பாதி சரிதான் என்றார். எந்தப் பாதி என்று நான் கேட்டதற்கு, அதுதான் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றார்.

தம்பியும் தொழிற்சாலையைப் பற்றி நல்லதாகச் சொன்னதில்லை. வார்ப்படப் பிரிவிலிருந்து பம்பு உறை வராமல் வாரக் கணக்கில் லேத் சும்மா நிற்கும். கடைசல் பிரிவில் அறுபது பேர். வேலை செய்வது இருபது பேர், மற்றவர்கள் பெஞ்சைத் தேய்க்கிறார்கள் என்று அக்கா வீட்டில் உட்கார்ந்து புலம்புவார். பணம் கட்டிவிட்டு பம்புக்காக இரண்டு வருடம் காத்திருந்த ஒரு விவசாயி கேட்டில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனதையும் அவர்தான் சொன்னார்.

அடுத்த வருடம் கஜானா காலி என்று பேப்பரில் வந்தது. கப்பலில் வந்த எண்ணெயை இறக்கக்கூட வெளிநாட்டுப் பணம் இல்லை. கடன் கொடுக்கிறவர்கள், கொடுப்பதற்கு முன் பார்த்துவிட்டுப் போக மூன்று பேரை அனுப்பினார்கள். அவர்களுக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல அக்காவைப் போட்டார்கள், பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்க என்னை. டாக்டரும் நாங்களும் இரண்டு வாரம் அவர்களோடு சுற்றினோம். பதினொன்றாவது நாள் போன இடம் பம்புத் தொழிற்சாலை.

மூவரில் மூத்தவர் ஒரு தாடிக்காரர். நல்ல மனுஷர். கதவுக்கு முன்னால் நின்று எங்களை முதலில் போகவிடுவார். கடைசல் பிரிவுக்குள் நுழைந்ததும் அக்காவின் தம்பி எங்களைப் பார்த்துவிட்டார். அக்கா வெளிநாட்டுக்காரர்களோடு சமமாகப் பேசிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். அன்றைக்கும் உறை வந்திருக்கவில்லை. பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். தம்பி லேத் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைந்து முடித்த தண்டைத் துடைத்து அவர் தாடிக்காரரிடம் நீட்டினார். தாடிக்காரர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரு நாளைக்கு எத்தனை செய்வீர்கள் என்று கேட்டார். நான்கு என்றார் தம்பி. எத்தனை செய்ய முடியும் என்று அடுத்துக் கேட்டார். அக்கா அதையும் சொன்னார்.

தம்பி சுவரோரம் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"விட்டா நான் ஒருத்தனே மூணு பேர் வேலையைப் பார்ப்பேன்னு சொல்லு அக்கா."

அக்கா சொல்லவில்லை. நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். அந்தச் சின்னப் புத்தகத்தை வரிவரியாக மொழிபெயர்த்தவர் அவர். அதில் மூன்றாவது சொற்பொழிவு முழுக்க, ஒருவர் செய்யக்கூடிய வேலைக்கு மூவருக்குச் சம்பளம் கொடுப்பதைப் பற்றித்தான். தம்பி தன் கைத்திறமையைச் சொல்கிறார். கேட்கிறவர் காதில் அது எப்படி விழும் என்று அந்தக் கொட்டகையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் டாக்டர். இரண்டு மொழியும் தெரிந்த அவர் அக்காவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். மாற்றிச் சொல்ல வழியில்லை. வழி இருந்தாலும் அக்கா மாற்றியிருப்பாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்; பதினெட்டு வருடப் பழக்கம் அது. சரியாகச் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. தாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். தம்பிக்குக் கை கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை வந்தது. தொண்ணூறு பக்கம். அறுபத்திரண்டாம் பக்கத்தில், அரசுத் தொழிற்சாலைகளில் தேவைக்கு மேல் ஆள் இருப்பதைப் பற்றி எழுதிவிட்டு, 'கடைசல் பிரிவின் தேர்ந்த தொழிலாளி ஒருவரே, மூவர் வேலையை ஒருவர் செய்ய முடியும் என்று எங்களிடம் கூறினார்' என்று இருந்தது. அந்த வாக்கியத்தை அக்கா விட்டுவிட்டு மொழிபெயர்த்தார். நான் அவரோடு வேலை பார்த்த காலத்தில் அவர் ஒரு வரியை விட்டது அந்த ஒரு தடவைதான். மறுநாள் டாக்டர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "அறுபத்திரண்டுல ஒரு வரி விட்டுப்போச்சுங்க. பரவாயில்லை, இவ்வளவு நீளத்துல நடக்கறதுதான்" என்றார். அந்த வேலையாள் அக்காவின் சொந்தத் தம்பி என்று அவருக்குத் தெரியாது; அக்கா என்று யார் வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். அக்காவும் சொல்லவில்லை. வரி உள்ளே போனது. நான்தான் டைப் அடித்தேன்.

பேப்பர்க்காரர்கள் தொண்ணூறு பக்கத்தில் பொறுக்கி எடுத்தது அந்த ஒரு வரியைத்தான். 'தொழிலாளியே சொல்கிறார்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். பேர் இல்லை, பேர் எதற்கு? லேத் சத்தத்தில் பேச்சு காதில் விழாவிட்டாலும், தாடிக்காரர் யாரிடம் பேசினார் என்று கடைசல் பிரிவு மொத்தமும் பார்த்துக்கொண்டுதானே நின்றது. அதற்கு அடுத்த மாதம் ஆள்குறைப்பின் முதல் பட்டியலை ஒட்டினார்கள். அறுபதில் நாற்பது பேர் வீட்டுக்கு. மீதி இருபதில் தம்பி பேர் இருந்தது.

அவர் பேரும் அந்த நாற்பதில் இருந்திருந்தால்கூடத் தேவலை. இருபதில் இருந்தது வினையாகிவிட்டது. வெளிநாட்டுக்காரர்களிடம் காட்டிக்கொடுத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டான் என்று பேச்சு. கூட வேலை பார்த்தவர்கள் அவர் வந்தால் எழுந்து போனார்கள். அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தில் யாரோ இரும்புத்தூளைக் கொட்டி வைத்தார்கள். அவர் மனைவி தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது. மூத்த பெண்ணோடு பள்ளிக்கூடம் போய் வந்த சிநேகிதிகள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பெண்களின் அப்பாக்களும் அந்த நாற்பதில் இருந்தவர்கள்.

ஒரு மத்தியானம் தம்பி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வேலை உடையிலேயே இருந்தார். எங்கள் அறையில் மூன்றாவது நாற்காலி இல்லாததால் டீ கிளாஸ்களை நகர்த்திவிட்டு அந்த மேசைமேலேயே உட்கார்ந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். அக்கா இருக்கச் சொல்லிக் கை காட்டினார். தம்பி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீ அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டியா அக்கா?"

"இல்லடா. நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

"தெரியும்." கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லேன். உனக்கு என்ன ஆயிடப்போகுது? நீ கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கே. எனக்கு அந்தத் தெருவுல நடக்க முடியல."

சாப்பிட்டாயா என்று அக்கா கேட்டார். அவர் இல்லை என்றதும் தன் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்று பிற்பகல் முழுக்க அக்கா ஒரு பக்கம்கூட எழுதவில்லை. சாயந்தரம் கிளம்பும்போது என்னிடம், உன் சுருக்கெழுத்து நோட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பீரோவில் என்றேன். அங்கேயே இருக்கட்டும், யார் கேட்டாலும் நீ நான் பேசியதைக் கவனிக்கவில்லை என்று சொல்லு என்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேலை போனவர்கள் தொழிற்சாலை வாசலில் தினமும் காலையில் கூடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போனார். துணைக்கு நான் போனேன். சங்கச் செயலாளரிடம் தான் யாரென்று சொல்லி, ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றார். ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறச் சொன்னார்கள். அவர் ஏறவில்லை, கீழே நின்றே பேசினார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத குரல். பின்னால் இருந்தவர்களுக்கு எட்டவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பின்னால் சொன்னார்கள்.

"என் தம்பி சொன்னது வேற. 'மூணு பேர் வேலையை ஒருத்தன் தலையில கட்டறாங்க'ன்னு அவன் குறைதான் சொன்னான். அங்க இயந்திரச் சத்தம். எனக்கு அவசரம். ஒருத்தனே பார்க்கலாம்னு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவன் மேல ஒரு குத்தமும் இல்லைங்க."

ஒரு வயதானவர், படிச்ச பொம்பளை, அரசாங்கச் சம்பளம் வாங்கறே, ஒரு வாக்கியத்தை ஒழுங்கா சொல்லத் தெரியலையா என்று கேட்டார். தெரியலைங்க என்றார் அக்கா. அந்த ஒரு பதிலுக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியாது. ஒரு பெண் முன்னால் வந்து, உன் வாயாலதான் எங்க அடுப்பு அணைஞ்சது என்று சொல்லிவிட்டு, அடிக்கப் போகிறவள் மாதிரி கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம். வழியெல்லாம் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதுவும் பேப்பரில் வந்தது. அமைச்சகத்தின் மொழிபெயர்ப்பாளரே ஒப்புக்கொண்டார், அறிக்கை முழுவதும் எத்தனை தப்போ என்று எழுதினார்கள். டாக்டர் கூப்பிட்டனுப்பினார். நான் வாசலில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. அந்த வேலையாள் அக்காவின் தம்பி என்று இப்போதுதான் தனக்குத் தெரிந்தது என்றார் டாக்டர். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நானும் அங்கதான் நின்னேன். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"நான் தப்பாச் சொன்னேன்னு வெச்சுக்கிட்டா அறிக்கையில ஒரு எழுத்தாவது மாறுமா சார்?"

"மாறாது. அந்த வரியே இல்லாம இருந்தாலும் பட்டியல் இதேதான் வந்திருக்கும்."

"அப்ப யாருக்கு என்ன நஷ்டம்?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். அமைச்சர் அக்காவை வேலையை விட்டே அனுப்பச் சொல்வதாகவும், தன்னால் முடிந்தது அதைத் தடுப்பது ஒன்றுதான் என்றும் சொன்னார். அதைச் செய்தும் காட்டினார். அக்காவை எங்கள் அறைக்கு முன்னால் இருந்த பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். கோப்புக்கு எண் ஒட்டுகிற வேலை. மொழிபெயர்ப்பு மேசைக்கு வெளியே இருந்து ஆள் எடுத்தார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் புது ஆள் என்னிடம் அர்த்தம் கேட்பார். நான் சுவரின் அந்தப் பக்கம் போய் அக்காவைக் கேட்டு வந்து சொல்வேன்.

அக்கா சொன்ன பொய் தம்பிக்குப் பலித்தது. கேட்டில் நின்றவர்கள் அவர் தோளில் கை போட்டார்கள். பெண்களின் சிநேகிதிகள் மறுபடி இந்தப் பக்க நடைபாதைக்கு வந்தார்கள். பத்து மாதம் அப்படிப் போனது. பிறகு தொழிற்சாலையை ஏலத்தில் விட்டார்கள். வாங்கினவர் முதல் வேலையாக லேத்துகளைக் கழற்றி இரும்பு எடைக்கு விற்றார். அந்த இருபது பேரும் வெளியே. கடைசல் கொட்டகை இப்போது கிடங்கு. கப்பலில் வருகிற பம்புகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். விவசாயி இப்போது பம்புக்காகக் காத்திருப்பதில்லை, போன அன்றே கிடைக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதை வாங்கப் பணம் கையில் இருக்கிற விவசாயிக்குக் கிடைக்கிறது. தம்பி கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு அந்தப் பம்புகளை விற்கிற கடை ஒன்றில், வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கிற ஆளாகச் சேர்ந்தார். டாக்டர் இரண்டு வருடம் பார்த்துவிட்டு, தாடிக்காரர் வேலை பார்த்த அதே நிறுவனத்துக்குப் போய்விட்டார். வேறு ஏதோ ஒரு நாட்டுக்கு இப்போது பெட்டியோடு போய் வருகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அக்கா ஆறு வருடம் எண் ஒட்டிவிட்டு ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் பேசிய புது அதிகாரி அவரைக் கோப்பு அறை உதவியாளர் என்று சொன்னார். அக்கா எழுந்து நின்று நன்றி சொன்னார்.

போன வருடம் தம்பியின் மூத்த பெண் கணவரோடு ஊரிலிருந்து வந்திருந்தாள். அக்கா என்னையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளை பேச்சுவாக்கில், மாமா இவ்வளவு கைத்திறமை வைத்துக்கொண்டு ஏன் பம்பு மாட்டுகிறார் என்று கேட்டுவிட்டார். தம்பி அவருக்குக் கதை சொன்னார். தொழிற்சாலை, தாடிக்காரர், தண்டைத் தடவிப் பார்த்தது எல்லாம் சரியாகவே சொன்னார். "நான் நம்ம ஆளுங்க கஷ்டத்தைத்தான் எடுத்துச் சொன்னேன் மாப்பிள்ளை. மூணு பேர் வேலையை ஒருத்தன் தலையில கட்டறாங்கன்னு. எங்க அக்கா பாவம், அந்தச் சத்தத்துல ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லிட்டாங்க. அதுல போனதுதான் எல்லாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. எப்போதோ மன்னித்துவிட்ட குரல்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவர் முகம் இல்லை அது. அவர் அதை அப்படியே நம்பினார். நம்ப ஆரம்பித்து எத்தனை வருடம் ஆயிற்றோ. என் சுருக்கெழுத்து நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பி, இல்லை என்பது போல் லேசாகத் தலையை அசைத்தார்.

"சத்தம் அதிகமாத்தான் இருந்தது" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.